கிரேக்க எழுத்துச் சட்டை: படிக்கட்டா, படுகுழியா? – ‘படுகுழியே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வருகிற ஆகஸ்டில் பிள்ளையைக் கல்லூரி விடுதியில் இறக்கிவிட்டு வெறும் காரோடு வீடு திரும்பப் போகிற பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்களில் பிள்ளை சேர்வது படிக்கட்டா, படுகுழியா என்பதே இன்றைய தலைப்பு.

எதிரணித் தலைவர் ஆதாரத்தோடு பேசினார், அதற்கு நன்றி. ஃபிரட்டர்னிட்டியில், அதாவது ஆண் மாணவர்களின் கிரேக்க எழுத்துச் சங்கத்தில், சேர்ந்தவர்களின் பிற்கால வருமானம் சுமார் 36 விழுக்காடு கூடுகிறது என்று யூனியன் கல்லூரிப் பொருளியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வை எடுத்து வைத்தார். ஆய்வு உண்மைதான். ஆனால் அவர் பாதியில் நிறுத்திவிட்டார். சேர்ந்தவர்களின் மதிப்பெண் சராசரி, 4 புள்ளி அளவுகோலில், சுமார் 0.25 குறைகிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. 3.75 வாங்க வேண்டிய பிள்ளை 3.5க்கு இறங்கினால் மருத்துவக் கல்லூரிக் கனவு என்ன ஆகும் என்று இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை.

பணக் கணக்கை விடுவோம். எங்கள் அணி சொல்ல வந்தது வேறு. கிரேக்க எழுத்துகளில் குற்றம் இல்லை. அழைப்பை ஏற்கும் நாளுக்கும் முழு உறுப்பினராகும் நாளுக்கும் நடுவே சில வாரங்கள் இருக்கின்றன. குழி அங்கேதான் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். பருவம் தொடங்கியதும் ‘ரஷ்’ வரும். இந்தச் சங்கங்களின் உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சாப்பிட்டு, விளையாடி, பேசிப் பழகும் நாட்கள். இந்த நாட்களில் எல்லோரும் அன்பாகத்தான் இருப்பார்கள், பெரும்பாலும் மது கண்ணில் படாது. பிறகு ‘பிட்’ வரும். நம் ஊர்த் தேர்வறையில் ஒளித்து வைக்கும் பிட் அல்ல, சேரச் சொல்லும் அழைப்பு. அதை ஏற்றால் பையன் ‘பிளெட்ஜ்’. இப்போது ‘புதிய உறுப்பினர்’ என்று நாகரிகமாகப் பெயர் மாற்றியிருக்கிறார்கள். சில வாரங்கள் கழித்து ரகசியச் சடங்கு, அதற்குப் பிறகுதான் உறுப்பினர். ஆக, ரஷ் நாட்களில் பெற்றோர் பார்ப்பது ஒரு வீடு. பிளெட்ஜ் நாட்களில் பிள்ளை பார்ப்பது வேறொரு வீடு.

‘நம் ஊரில் இல்லாத ராகிங்கா?’ என்று கேட்டார் எதிரணிச் சகோதரி. நம் ஊர் ராகிங் எப்படிப்பட்டது என்று தெரியும். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டமே வந்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ராகிங்கில் பையன் மாட்டிக்கொள்கிறான். இங்கே சேர வருபவனை வதைப்பதை ‘ஹேசிங்’ என்கிறார்களே, அதற்குப் பையன் தானே விரும்பிப் போகிறான், கட்டணமும் கட்டுகிறான். ராகிங் செய்தவனைப் பையன் வெறுப்பான், வீட்டில் சொல்வான். ஹேசிங் செய்பவனை நாளைய அண்ணனாக நினைக்கிறான், அதனால் வாய் திறக்க மாட்டான். ‘அவனே சம்மதித்துத்தானே போனான்’ என்ற வாதம் டெக்சாஸ், புளோரிடா, பென்சில்வேனியா போன்ற மாநிலச் சட்டங்களில் செல்லாது. ஏன் செல்லாது என்று வைத்தார்கள்? ஆறு வாரம் பழகி, இருபது பேர் சுற்றி நிற்க, ‘குடி’ என்று சொன்னால் பதினெட்டு வயதுப் பிள்ளை வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும்.

எந்த இரவுகள் ஆபத்தானவை என்று பெற்றோர் பெயர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, பிட்டை ஏற்கும் இரவு. 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட்டா தீட்டா பை வீட்டில் நடந்தது அந்த இரவில்தான். 19 வயது மாணவர் ஒருவருக்கு 82 நிமிடத்தில் 18 முறை மது கொடுக்கப்பட்டது என்றது அரசுத் தரப்பு. நிலவறைப் படிக்கட்டில் விழுந்தார். ஆம்புலன்சுக்கு அழைப்புப் போனது ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து. இடையில் அவர் முதுகில் புத்தகப் பையை மாட்டிவிட்டார்கள். மல்லாந்து படுத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் ஏறிவிடும் என்பது அந்தப் பையன்களுக்குத் தெரிந்திருந்தது. பை மாட்டத் தெரிந்தவர்கள் அந்த இரவில் அவசர உதவி எண் 911ஐ அழைக்கவில்லை. அந்த மாணவர் இறந்தார்.

இரண்டாவது, ‘பிக்-லிட்டில்’ இரவு. ஒவ்வொரு புதியவனுக்கும் ஓர் அண்ணனை அறிவிக்கும் சடங்கு. கேட்க எவ்வளவு பாசமாக இருக்கிறது! அண்ணன் தம்பிக்கு ஒரு முழுப் புட்டி மதுவைப் பரிசாகக் கொடுத்து முடிக்கச் சொல்வதுதான் பல இடங்களில் அந்தப் பாசம். 2017 நவம்பரில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம், 2021 பிப்ரவரியில் விர்ஜினியா காமன்வெல்த் பல்கலைக்கழகம், 2021 மார்ச்சில் ஓஹாயோவின் பவுலிங் கிரீன். மூன்று இறப்புகளும் இந்தச் சடங்கில் நடந்தவை. மூன்றாவது, உறுப்பினராக்கும் ரகசியச் சடங்குக்கு முந்தைய வாரம். தூங்கவிடாமல் வைப்பது, உடலை வருத்துவது எல்லாம் அப்போது.

அந்தப் புட்டியின் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிளாஸ் மது என்று மருத்துவர்கள் சொல்வது 14 கிராம் சுத்த ஆல்கஹால். 12 அவுன்ஸ் பீரிலும், 5 அவுன்ஸ் வைனிலும், ஒன்றரை அவுன்ஸ் விஸ்கியிலும் அதே அளவுதான். 750 மில்லி விஸ்கிப் புட்டியில் அப்படி 17 கிளாஸ். உடம்பு வெளியேற்றுவதோ மணிக்கு ஏறத்தாழ ஒன்றே ஒன்று. அதனால்தான் ‘தூங்கினால் சரியாகிவிடும்’ என்பது கொலைகாரப் பேச்சு. நினைவிழந்த பிறகும் வயிற்றில் இருக்கும் மது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். கண் மூடியபோது இருந்த அளவு, இரண்டு மணிக்கு இன்னும் கூடியிருக்கும்.

‘ஃபிரட்டர்னிட்டித் தலைமையகங்கள் விதி வகுத்துவிட்டன’ என்றார்கள் எதிரணியினர். வகுத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. 15 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள மதுவை உரிமம் பெற்ற விற்பனையாளர் இல்லாமல் வீட்டிலோ விழாவிலோ வைக்கக் கூடாது என்று வட அமெரிக்க ஃபிரட்டர்னிட்டிக் கூட்டமைப்பு 2019 செப்டம்பர் முதல் தடை போட்டது. மேலே சொன்ன 2021 இறப்புகள் அந்தத் தடைக்குப் பிறகு நடந்தவை. ஃபை டெல்டா தீட்டா 2000ஆம் ஆண்டிலிருந்தே தன் வீடுகளில் மதுவே கூடாது என்ற கொள்கை உடையது. 2017 செப்டம்பரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதன் வீட்டில், கேள்விக்குத் தவறான பதில் சொன்னால் குடிக்க வேண்டும் என்ற ‘விளையாட்டில்’ 18 வயதுப் பையன் இறந்தார். ரத்தத்தில் ஆல்கஹால் 0.495 விழுக்காடு. கார் ஓட்டுவதற்கான சட்ட வரம்பு 0.08.

அந்த விதிகளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, இதைக் கவனித்துக் கேளுங்கள். விதி மீறப்பட்டால் ‘எங்கள் கொள்கையை மீறினார்கள், எங்கள் காப்பீடு பொறுப்பேற்காது’ என்று தலைமையகத் தரப்பு விலகிக்கொள்ள இடம் இருக்கிறது. அப்போது வழக்குச் செலவு, விருந்தில் கதவருகே நின்ற உங்கள் பிள்ளையின் பெயரில் வரும். அவன் வழியாக உங்கள் வீட்டுக் காப்பீட்டுக்கு வரும். பாதிக்கப்படும் பிள்ளை நம் பிள்ளையாக இருந்தால் என்று எல்லோரும் யோசிக்கிறோம். புட்டியை நீட்டும் பிள்ளையும் நம் பிள்ளையாக இருக்கலாம். மருத்துவக் கல்லூரி விண்ணப்பமான ஆம்காஸில், கல்லூரி எடுத்த ஒழுங்கு நடவடிக்கை எதுவானாலும் சொல்லியாக வேண்டும். மாணவர் விசாவில் வந்தவருக்கு ஒரு கைது விசாவையே ஆட்டிவிடும்.

‘நம்மவர்களுக்கென்று தனி அமைப்புகள் இருக்கின்றனவே’ என்றார் தம்பி. டெல்டா எப்சிலான் சை 1998இல் ஆஸ்டினிலும், பீட்டா கை தீட்டா 1999இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும் தெற்காசிய மாணவர்கள் தொடங்கியவை. தீபாவளிக்கு ஊர் நினைப்பில் தனித்து நிற்கும் பிள்ளைக்கு அவை ஆறுதல்தான், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் முகம் நம் முகமாக இருப்பது பாதுகாப்பு ஆகிவிடாது. 2013 டிசம்பரில் ஆசிய அமெரிக்க மாணவர்களின் பை டெல்டா சை அமைப்பு, நியூயார்க் பாரூக் கல்லூரி முதலாண்டு மாணவரைப் பென்சில்வேனியா மலைப்பகுதிக்கு அழைத்துப் போனது. கண்ணைக் கட்டி, மணல் நிரப்பிய பையைச் சுமக்கவைத்து, மோதித் தள்ளும் சடங்கு நடத்தியது. அவர் இறந்தார். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை. அங்கே மது காரணமே இல்லை. 2018இல் நீதிமன்றம் அந்த அமைப்பைப் பென்சில்வேனியாவில் 10 ஆண்டுகள் தடை செய்தது. ‘எங்களிடம் பார்ட்டி வீடே கிடையாது’ என்று சொல்லும் அமைப்புகளிடமும் அதனால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

மகள்களின் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தேசிய பான்ஹெலனிக் மாநாடு என்ற கூட்டமைப்பைச் சேர்ந்த சொரோரிட்டிகளின், அதாவது பெண் மாணவர் சங்கங்களின், வீடுகளில் பொதுவாக மது கூடாது. அதனால் விருந்து ஃபிரட்டர்னிட்டி வீட்டுக்குப் போகிறது, பெண்கள் அங்கே விருந்தாளிகள். யார் ஊற்றுகிறார்கள், எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்பது அவர்கள் கையில் இல்லை.

அப்படியும் சேரத்தான் வேண்டும் என்று பிள்ளை நின்றால், முதல் பருவத்தில் மட்டும் வேண்டாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்கள் சேர்வதையே 2012இல் தடை செய்தது. காரணம் எளிது. நான்கு மாதம் போனால் அறை நண்பன் இருப்பான், ஆய்வகத் தோழி இருப்பாள், ‘இவர்கள் இல்லாவிட்டால் எனக்கு யாரும் இல்லை’ என்ற பயம் போயிருக்கும். அந்தப் பயம்தான் ஹேசிங்குக்கு விறகு.

அந்த நான்கு மாதத்தில் செய்ய வேண்டிய வேலை உண்டு. ஹேசிங்கைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2024 டிசம்பர் 23 அன்று கையெழுத்தானது. எந்த மாணவர் அமைப்பு ஹேசிங் செய்தது உறுதியானது, என்ன நடந்தது, மது இருந்ததா, என்ன தண்டனை என்று கல்லூரிகள் தங்கள் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறையாவது புதுப்பிக்க வேண்டும். கல்லூரிப் பெயரோடு ‘ஹேசிங் டிரான்ஸ்பரன்சி ரிப்போர்ட்’ என்று தேடுங்கள். பட்டியலில் பெயர் இல்லாததாலேயே நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். கல்லூரி அங்கீகாரத்தை இழந்த கிளைகள் வளாகத்துக்கு வெளியே தொடர்ந்து நடப்பது உண்டு. கொலராடோ போல்டரில் 2005இல் ஃபிரட்டர்னிட்டிகளே பல்கலைக்கழகத்தோடு உறவை முறித்துக்கொண்டு தனியாக நிற்கத் தொடங்கின. ஆகவே முதல் கேள்வி: இந்தக் கிளையைக் கல்லூரி இன்று அங்கீகரித்திருக்கிறதா?

அடுத்து, பிட்டை ஏற்ற நாளிலிருந்து உறுப்பினராக எத்தனை நாள் என்று கேட்கச் சொல்லுங்கள். சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014இல் பிளெட்ஜ் காலத்தையே ஒழித்து, 96 மணி நேரத்துக்குள் உறுப்பினராக்குவது என்று மாற்றியது. குறைந்த நாள் என்றால் ஆபத்துக்குக் குறைந்த இடம். பிக்-லிட்டில் இரவின் தேதி என்ன, அன்று கல்லூரி ஊழியர் யாராவது இருப்பார்களா என்றும் கேட்கலாம். பதில் சொல்லத் தயங்கினால், ‘அது ரகசியம்’ என்று சிரித்தால், பதில் கிடைத்துவிட்டது. பணத்தைப் பொறுத்தவரை, புதியவர் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், பருவச் சந்தா, காப்பீடு, வீட்டில் தங்காதவருக்கும் வீட்டுக் கட்டணம், அபராதம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். அடுத்த ஆண்டு அந்த வீட்டில் தங்கியே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள், ஒன்றே ஒன்று. எழுப்பினால் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடி இடைவெளி, உதடு நீலம், உடம்பு சில்லென்று இருக்கிறது, தூக்கத்தில் வாந்தி. இதில் ஒன்று இருந்தாலும் 911. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வண்டி வரும்வரை பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. உதவி கேட்டு அழைத்தவரை மதுக் குற்றத்துக்காகத் தண்டிக்காத சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது, பல கல்லூரிகளின் விதியிலும் இருக்கிறது. பிள்ளையின் மாநிலத்தில், கல்லூரியில் அது எப்படி என்று பார்த்து, பெட்டி கட்டும்போதே அவனிடம் சொல்லி அனுப்புங்கள். ‘எந்த நேரமானாலும் எங்களையும் கூப்பிடு, ஏன் குடித்தாய் என்று அன்றைக்குக் கேட்க மாட்டோம்’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்னால், அன்றைக்கு உண்மையிலேயே கேட்காதீர்கள்.

நடுவர் அவர்களே, எங்கள் தரப்பை வைத்துவிட்டோம். தீர்ப்பு உங்களுடையது. வணக்கம்.