மழைக்கு முன் வர வேண்டிய பணம்

அனைவருக்கும் வணக்கம். வெயில் காயும் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வெள்ளத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டதற்கு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. இதைப் பேச வேண்டிய காலம் இதுதான். டிசம்பரில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது படகு எப்போது வரும், பால் பாக்கெட் எங்கே கிடைக்கும் என்பதைத் தவிர வேறெதுவும் பேச்சில் வராது.

இன்று நான் பேசப் போவது பணத்தைப் பற்றி. தாம்பரத்திலும் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எந்தத் தெருவில் எந்த வீட்டுப் படி வரை ஏறும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் பேரிடருக்கென்று அரசு ஒதுக்கும் பணம் எந்த வழியில் வருகிறது, எங்கே தேங்கிவிடுகிறது என்பதை நாம் அவ்வளவாகக் கவனித்ததில்லை.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் பேரிடர் நிவாரண நிதியும் பாதிப்பைக் குறைக்கும் நிதியும் உண்டு. தமிழ்நாட்டைப் போன்ற மாநிலங்களுக்கு 75 சதவீதம் மத்திய அரசு, 25 சதவீதம் மாநில அரசு. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய, மாநில அரசுகளுக்கிடையே பணப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு இந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுத்தது. நூறு ரூபாய் என்றால் நாற்பது ரூபாய் மீட்புக்கும் உடனடி நிவாரணத்துக்கும், முப்பது ரூபாய் சீரமைப்புக்கும், இருபது ரூபாய் பாதிப்பைக் குறைக்கும் பணிகளுக்கும். மீதிப் பத்து ரூபாய்தான் முன்கூட்டியே தயாராக இருப்பதற்கு. பயிற்சி, கருவி, ஒத்திகை எல்லாம் அந்தப் பத்தில் அடங்க வேண்டும்.

2023-24-இல் தமிழ்நாட்டுக்கான மொத்தத் தொகை, இரண்டு அரசுகளின் பங்கையும் சேர்த்து, சுமார் 1,500 கோடி. அதில் பத்து சதவீதம் 150 கோடி. மாவட்டங்கள் 38. சமமாகப் பங்கு போட்டால் மாவட்டத்துக்கு நான்கு கோடிகூட வராது. சென்னையானாலும் அவ்வளவுதான், செங்கல்பட்டானாலும் அவ்வளவுதான்.

அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 24 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் கடை வழியாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். பெருக்கிப் பாருங்கள், 1,400 கோடியைத் தாண்டும். கொடுத்தது தவறு என்று நான் சொல்லவே மாட்டேன். மெத்தையும் மிக்ஸியும் பிள்ளையின் பாடப்புத்தகமும் ஒரே ராத்திரியில் போன வீட்டுக்கு ஆறாயிரம் போதவும் போதாது. ஆனால் ஒரு புயலுக்குப் பிறகு கொடுத்த தொகை, மாநிலம் முழுக்க ஒரு வருடம் தயாராக இருப்பதற்கான பங்கைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் என்றால், நம் கணக்குப் புத்தகத்தில் எங்கோ கோளாறு இருக்கிறது.

மத்திய அரசு போதுமான அளவு தரவில்லை என்ற சண்டையும் நியாயமானதுதான். மிக்ஜாமுக்கும் அதே மாதம் தென் மாவட்டங்களில் கொட்டிய மழைக்கும் சேர்த்துத் தமிழ்நாடு கேட்டது 37,000 கோடிக்கு மேல். வந்தது அதில் மிகச் சிறிய பகுதி. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சண்டை நடக்கட்டும், நடக்க வேண்டும். ஆனால் அதுவும் வெள்ளம் வடிந்த பிறகு கேட்கிற பணத்துக்கான சண்டை. வெள்ளத்துக்கு முன் செலவாக வேண்டிய பணத்துக்காக டெல்லியிலும் சண்டை இல்லை, கோட்டையிலும் இல்லை.

சரி, வடிகாலுக்கு இத்தனை கோடி செலவழிக்கிறார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான். கொசஸ்தலையாறு வடிநிலத்தில், அதாவது அந்த ஆற்றுக்கு மழைநீர் வடிந்து வரும் பகுதியில், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், கோவளம் பகுதியில் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடன் என்று ஆயிரக்கணக்கான கோடியில் மழைநீர் வடிகால் கட்டுகிறார்கள். பல தெருக்களில் பலனும் தெரிகிறது. ஆனால் கான்கிரீட்டுக்குக் கடன் கொடுக்க வங்கி இருக்கிறது, திறப்பு விழாவும் இருக்கிறது. கட்டிய வடிகாலின் முனையில் ராத்திரி இரண்டு மணிக்கு நிற்கிற ஆளுக்கான சம்பளத்துக்குக் கடன் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

உள்ளாட்சிப் பொறியாளராக வேலை பார்த்தவன் என்பதால் ஒரு சுரங்கப்பாதையை மட்டும் உங்கள் கண்முன் வைக்கிறேன். தண்ணீர் இறைக்க டீசல் பம்ப் வைத்திருப்பார்கள். பம்ப் ஓடும் சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது என்று நினைப்போம். மழை கொட்டும்போது அடித்து வருகிற பாலித்தீன் கவர்களும் தேங்காய் மட்டையும் முதலில் போய் அடைப்பது உறிஞ்சுகுழாயின் வாயில் இருக்கும் ஃபுட் வால்வை. அடைத்ததும் பம்புக்குத் தண்ணீர் வராது, சூடேறும், சீக்கிரமே நின்றுவிடும். அதைத் தடுக்க ஒருவர் கழுத்தளவு சாக்கடைத் தண்ணீரில் இறங்கிக் கையால் குப்பையை இழுத்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவர் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி. மாற்று ஆள் கிடையாது, ரப்பர் பூட்ஸ் கிடையாது, காப்பீடு கிடையாது. அந்தக் குழாய் வாய்க்கு ஒரு இரும்பு வலைக்கூண்டு, இரண்டாவது ஆள், கூடுதலாக நாற்பது லிட்டர் டீசல். இவ்வளவுதான் தேவை. நான் பணியில் இருந்த இடத்தில் இதைக் கேட்டு எழுதினால், எந்தத் தலைப்பில் செலவு காட்டுவது என்ற கேள்வியோடு கோப்பு திரும்பி வரும். அதற்குள் ஐப்பசி பிறந்துவிடும்.

மீனவர்களின் படகு விஷயமும் இப்படித்தான். 2015-இல் குப்பத்திலிருந்து ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து கோட்டூர்புரத்திலும் முடிச்சூரிலும் ஆட்களை மீட்டார்கள். யாரும் அவர்களோடு முன்கூட்டி ஒப்பந்தம் போட்டிருக்கவில்லை. காம்பவுண்டுச் சுவரில் மோதிப் படகு உடைந்தால், இன்ஜினில் சேறு போனால், நஷ்டம் அவர்கள் தலையில். ஆகஸ்டிலேயே ஒவ்வொரு குப்பத்திலும் இத்தனை படகு, இன்ன வாடகை, இன்ன காப்பீடு, இன்ன வார்டுக்கு என்று கையெழுத்துப் போட்டு முன்பணம் கொடுத்துவிட்டால் என்ன? வடிகாலுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம்தான். அவர்களுடைய நல்ல மனதை மட்டும் நம்பி ஒரு பெருநகரம் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அந்த ஏரி இருப்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில். மதகு நீர்வளத் துறையின் கையில், அன்றைய பெயரில் பொதுப்பணித் துறை. அதே நாளில் ஆதனூர், மண்ணிவாக்கம், சோமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் அடையாற்றில்தான் சேர்ந்தது. தண்ணீர் திருமுடிவாக்கம், அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை என்று போனது. வழியில் எத்தனை எல்லை! இன்றைய கணக்கில் மூன்று மாவட்டம், இரண்டு மாநகராட்சி, இடையில் ஒரு நகராட்சி, நெடுஞ்சாலைத் துறையின் பாலம், ரயில்வேயின் பாலம், மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மர். தண்ணீர் ஒன்று, கஜானா ஏழெட்டு. சென்னை மாநகராட்சி வசதியான அமைப்பு, ஓரளவு சமாளிக்கும். அதற்கு மேல்பக்கம் இருக்கும் ஊராட்சியிடம் ஜெனரேட்டருக்கு டீசல் போடக்கூடப் பணம் இருக்காது. அங்கே கரை உடைந்தால் வெள்ளம் சென்னையையும் சேர்த்துத்தான் அடிக்கும்.

அமெரிக்காவில் 2001 தாக்குதலுக்குப் பிறகு, பயங்கரவாதத் தடுப்பை மனதில் வைத்து, பெருநகர வட்டாரங்களுக்கென்று ஒரு மத்திய மானியம் தொடங்கினார்கள். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் அந்தப் பணத்துக்கு 12 மாவட்டங்களும் அங்குள்ள மூன்று பெரிய நகரங்களும் சேர்ந்து ஒரே திட்டம் போடுகின்றன. பங்குக்குச் சண்டையும் போடுவார்கள். ஆனால் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் சண்டை. அவர்கள் திட்டத்தை அப்படியே இங்கே நட வேண்டாம். பணத்தை வட்டாரத்துக்குக் கொடு, ஊருக்கு ஊர் கிள்ளிக் கொடுக்காதே என்ற ஏற்பாடு மட்டும் நமக்கு வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. 2025-இல் திருத்தப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள பெருநகரங்களுக்கும் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க இடம் தருகிறது. மாநகராட்சி ஆணையர் தலைவர், மாவட்ட ஆட்சியர் துணைத் தலைவர். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் சென்னைக்கு ஒன்று, தாம்பரத்துக்கு ஒன்று, ஆவடிக்கு ஒன்று என்று தனித்தனியே வைத்தால் பழைய கதைதான். அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு, கோவளம் என்று வடிநிலத்துக்கு ஒரு பொது நிதி வேண்டும். கரையோரத்து ஊராட்சி முதல் சென்னை மாநகராட்சி வரை அதில் இடம்பெற வேண்டும். வருமானத்துக்கு ஏற்பப் பங்கு போட வேண்டும், ஆபத்துக்கு ஏற்பச் செலவழிக்க வேண்டும். சென்னை கூடக் கொடுத்து, குன்றத்தூர்ப் பக்கம் கூடச் செலவானால் சென்னைக்கு அதில் நஷ்டமே இல்லை.

ஒடிசாவில் 1999 பெரும்புயலில் பத்தாயிரம் பேர் வரை இறந்தார்கள். அதே ஆண்டு தனி ஆணையம் அமைத்து, புயல் பாதுகாப்புக் கட்டடம், ஊர்த் தன்னார்வலர், வருடாவருடம் ஒத்திகை என்று புயல் இல்லாத வருடங்களிலும் பணத்தை நிறுத்தாமல் செலவழித்தார்கள். 2013-இல் பைலின் புயல் வந்தபோது கிட்டத்தட்ட பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். பலி சில பத்துகளோடு நின்றது.

இனி நாம் செய்யக்கூடியது. தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் இப்போது பகுதி சபை இருக்கிறது, வார்டு மக்கள் கூடிக் கேள்வி கேட்கும் கூட்டம். 2022 நவம்பர் 1-இல் முதலமைச்சர் கலந்துகொண்ட கூட்டம் நம் பம்மலில்தான் நடந்தது. ஆனால் நவம்பர் கூட்டத்தில் கேட்டால் காலம் கடந்துவிடும், வடகிழக்குப் பருவமழை அதற்குள் தொடங்கியிருக்கும். உள்ளாட்சி பட்ஜெட் மார்ச்சையொட்டி வருவதால், ஜனவரிக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். ஆயத்தப் பணிக்கான பத்து சதவீதத்தில் நம் மாவட்டத்துக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது? நம் வார்டின் பம்ப், படகு, ஆள் ஆகியவற்றுக்கு ஆகஸ்ட் முடிவதற்குள் ஒப்பந்தம் போட ஒதுக்கீடு உண்டா? அடையாற்றின் மேல்பக்கத்து ஊராட்சிகளோடு சேர்ந்து ஒரு பொது நிதிக்கு நம் மாமன்றம் தீர்மானம் போடுமா?

கேள்விகளை அச்சடித்த தாள் வாசலில் மேசை மேல் இருக்கிறது. அதில் வார்டு எண் எழுத மட்டும் இடம் விட்டிருக்கிறோம். கவுன்சிலர்கள் இருவர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களிடமே முதலில் கேட்கலாம். நன்றி, வணக்கம்.