32 தட்டு, 15 விநாடி

நேயர்களுக்கு வணக்கம். வடசென்னையில் வீட்டு ஸ்டூடியோவில் ஆட்டப் பாட்டு செய்கிறவர்களுக்கு இன்று சில கணக்குகள்.

மேசையில் விரலால் தட்டுகிறேன், கேளுங்கள். தகிட, தகிட, தகிட, தகிட. உட்கார்ந்த இடத்திலேயே தோள் ஒரு பக்கம் சரிகிறதா? இப்போது இது. தகதிமி, தகதிமி, தகதிமி, தகதிமி. இதற்குத் தலை ஆடும், தோள் சும்மா இருக்கும். முதலில் தட்டியது திஸ்ர நடை. ஒரு தட்டை மூன்றாகப் பிரிப்பது. பின்னால் தட்டியது சதுஸ்ரம், நான்காகப் பிரிப்பது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று எந்தத் தெருவில் மேளம் இறங்கினாலும் ஆட்டம் சூடுபிடிக்கிற இடத்தில் கேட்பது பெரும்பாலும் அந்த மூன்றுதான். கம்ப்யூட்டரில் ஆயத்தமாகக் கிடைக்கும் நடன லூப்புகளில், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டுகளில், பெரும்பகுதியோ நான்கு. நம் பகுதியில் வீட்டு ஸ்டூடியோவில் செய்யப்படும் சிங்கிள்கள், அதாவது தனிப்பாட்டுகள், பல இந்த மூன்றும் நான்கும் மோதுகிற இடத்தில்தான் கால் இடறுகின்றன. குரல் நன்றாக இருக்கும், வரி நன்றாக இருக்கும், ஆனால் யாரும் எழுந்து ஆட மாட்டார்கள். ‘இன்னாபா கொறையுது’ என்று எல்லோரும் கேட்பார்கள்.

குறைவது எவ்வளவு என்று கணக்காகவே சொல்லலாம். நிமிடத்துக்கு 128 தட்டு என்று வேகம் வைத்தால், ஒரு தட்டுக்கு 469 மில்லிவிநாடி. திஸ்ரத்தில் இரண்டாவது அடி 156ஆவது மில்லிவிநாடியில் விழும், மூன்றாவது 312இல். பறை வாசிப்பதைப் பதிவு செய்துவிட்டு, ‘எல்லாம் நேராக நிற்கட்டும்’ என்று மென்பொருளில் பதினாறாம் கட்டத்துக்கு, அதாவது ஒரு தட்டை நான்காக வெட்டும் கட்டத்துக்கு, இழுத்தால், 156இல் விழுந்தது 117க்கு ஓடும், 312இல் விழுந்தது 352க்கு ஓடும். இரண்டு அடியும் எதிரெதிர்த் திசையில் 39 மில்லிவிநாடி விலகிவிட்டன. காது இதைத் தப்பு என்று சொல்லாது. கால் சொல்லும். கட்டத்தை ட்ரிப்லெட்டுக்கு, மூன்றாக வெட்டுவதற்கு, மாற்றிய பிறகே இழுக்க வேண்டும். அப்போதும் முழுக்க இழுக்கக் கூடாது, பாதி போதும். நல்ல வாத்தியக்காரர் மூன்றாவது அடியை மயிரிழை தாமதமாகப் போடுவார். அந்தத் தாமதம்தான் கெத்து.

எலெக்ட்ரானிக் கிக்கை, அந்த ‘தும் தும்’ டிரம் அடியை, என்ன செய்வது? அதை ஒவ்வொரு தட்டிலும் நேராகக் குத்த விடலாம், அது மூன்றோடும் சேரும், நான்கோடும் சேரும். சண்டை போடுவது தட்டுக்கு நடுவில் ஓடும் ஹை-ஹாட் தாளமும் ஷேக்கர் கிலுகிலுப்பும். அவற்றை மட்டும் மூன்றுக்கு மாற்றிவிட்டால் உலக நடனப் பாட்டின் கிக்கும் நம்மூர்ப் பறையும் ஒரே வண்டியில் ஏறிவிடும்.

128 என்ற எண்ணைச் சும்மா சொல்லவில்லை. அந்த வேகத்தில் நான்கு தட்டுள்ள ஒரு பார் 1.875 விநாடி. எட்டு பார், அதாவது 32 தட்டு, சரியாக 15 விநாடி. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இங்கே தடை செய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். ரீல்ஸ் தொடங்கியபோது அளவு 15 விநாடி. இப்போது நீளம் கூடிவிட்டது, ஆனால் ஆடுகிறவர்களின் மூச்சு அவ்வளவாகக் கூடவில்லை. 120 வேகத்தில் அதே எட்டு பார் 16 விநாடியாகி வால் நீளும். 100இல் வைத்த கானா மெட்டில் எட்டு பார் 19 விநாடியைத் தாண்டிவிடும். ஆறு பாரில் வெட்டினால் சதுரம் உடைந்து, ஆட்டத்தின் நான்கு எட்டில் ஒன்று குறையும். 140க்கு மேல் போனாலோ பாடுகிறவரின் வல்லினம் வழுக்கும், சொல் புரியாது. மெட்டு வேறு வேகம் கேட்டால் மெட்டுக்குத்தான் முதல் மரியாதை. ஆனால் எந்த வேகம் வைத்தாலும், அந்த 32 தட்டு எத்தனை விநாடி வருகிறது என்று கணக்குப் போட்டுவிட்டு வரி எழுத உட்காருங்கள்.

வரி. கானாவின் பலம் எதுகை. ‘கட்டுமரம் கட்டி வெச்சா கெட்டி மேளம் கொட்டுது பார்’ என்று உதாரணத்துக்கு ஒன்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் எழுத்தில் ட்டு, ட்டி, ட்டி, ட்டு என்று திரும்பத் திரும்ப விழும் அந்த வல்லின ஒற்றே ஒரு தாளக் கருவி. தட்டின் மேல் அந்த ஒற்று உட்கார்ந்தால் ஸ்நேர் டிரம் பாதி தேவையில்லை. ஆனால் ஹூக்கின், அதாவது கூட்டமே திரும்பத் திரும்பப் பாடும் வரியின், கடைசி அசை நெடிலாக இருக்கட்டும். கூட்டம் இழுத்துப் பாட நெடில் வேண்டும். மெய்யில் அடைத்து முடிகிற ஹூக்கைத் தனி ஆள் பாடுவார், தெரு பாடாது. உதாரண வரியில் நான் ‘பார்’ என்று முடித்தது அந்த வகையில் தப்பு. ‘பாரு’ என்றும் வேண்டாம், ‘பாரே’ என்று மாற்றினால் சரி. இசையமைப்பாளர் தேவா 90களில் கானாவைத் திரைக்குக் கொண்டுபோனது முதல், 2018 ஜனவரி 6 அன்று தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு கானாவையும் ராப்பையும் கிடாரையும் ஒரே மேடையில் ஏற்றியது வரை, கருவிகள் எத்தனையோ மாறிவிட்டன. எதுகை மட்டும் இடம் மாறவில்லை.

அமைப்பை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தொடக்கம் நான்கு பார், உடனே ஹூக் எட்டு, இடையிசை எட்டு, சரணம் பதினாறு, ஹூக்குக்கு விசை ஏற்றும் ஏற்றம் நான்கு, ஹூக் பதினாறு, இடையிசை எட்டு, இரண்டாம் சரணம் எட்டு, ஏற்றம் நான்கு, வெறும் பறை நான்கு, கடைசி ஹூக் பதினாறு. கூட்டினால் 96 பார், சரியாக மூன்று நிமிடம். இரண்டாம் சரணத்தைப் பாதியாக்குவது எழுதியவருக்கு வலிக்கும். தெரியும். ஸ்பாட்டிஃபையில் ஒருவர் 30 விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு, அதனால் ஹூக்கை ஒரு நிமிடம் காக்க வைக்கிற பாட்டு கணக்கிலேயே ஏறாமல் போகலாம்.

இனிப் பதிவு. முதலில் தோல். மாட்டுத் தோல் கட்டிய பறையைக் காய்ச்சித்தான் எடுக்க வேண்டும். நெருப்பில் ஈரம் போய்த் தோல் இறுகும், ஒலி மேலே ஏறும். நம்மூர்க் கடல் காற்றில் அது நெடுநேரம் நிற்காது. வீட்டு ஸ்டூடியோவில் இரைச்சல் வரக் கூடாது என்று ஏசி, ஃபேன் இரண்டையும் நிறுத்திக் கதவைச் சாத்துகிறோம். உள்ளே நான்கு பேர் வியர்க்கிறார்கள், மூச்சு விடுகிறார்கள், அறையே ஈரமாகிறது. முதல் டேக்கில் கணீரென்று இருந்த பறை, ஆறாவது டேக்கில் தொளதொளவென்று ஆகிவிடும். பிறகு முதலாவதில் பாதி, ஆறாவதில் பாதி என்று வெட்டி ஒட்டினால், ஒட்டிய இடம் பளிச்சென்று தெரியும். ஹூக்கை முதல் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். சரணத்துக்கு முன் மாடிக்குக் கொண்டுபோய் மறுபடி காய்ச்சுங்கள். ஃபைபர் தோலில் இந்தத் தொல்லை இல்லை, மழை நாளில் அதுவே கதி. ஆனால் அந்த அடிவயிற்றுச் சத்தம் அதில் கிடைப்பதில்லை என்பது என் கட்சி.

மைக்கை ஒட்டி வைக்க வேண்டாம். எஸ்எம்57 மாதிரி டைனமிக் மைக் ஒன்று, தோலிலிருந்து ஒரு சாண் தள்ளி, விளிம்பைப் பார்த்தபடி. அடிக்குச்சியின் கனமும் சிண்டுக்குச்சியின் கூர்மையும் சேர்ந்து வருவது அங்கேதான். உச்ச அடியில் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். ஒத்திகையில் வாசிப்பதைவிட டேக்கில் எல்லோரும் ஓங்கித்தான் அடிப்பார்கள்.

பாடுகிறவரின் காதில் தாமதம் இருந்தால் கானா செத்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒலியைத் தேக்கி அனுப்பும் அளவு, 1024 என்று இருந்தால் அது மட்டுமே 21 மில்லிவிநாடி. பஃபரை 128க்கு இறக்கினால் 3க்கும் கீழே. மிக்ஸ் செய்ய, பதிந்த ஒலிகளைக் கலக்க, ஏற்றிவைத்ததை மறந்துவிட்டுப் பாடச் சொல்வதும், ‘அண்ணன் தாளம் விடுறாரு’ என்று பழி போடுவதும் பல இடத்தில் நடக்கிறது. பாவம் அண்ணன். சுருதி திருத்தும் ஆட்டோட்யூனின் வேகத்தைப் பூஜ்யத்தில் வைத்தால் கானாவின் இழுவை படிக்கட்டாகிவிடும். அந்த ரோபோ ஒலியே வேண்டுமென்றால் ஹூக்கில் மட்டும் வையுங்கள், சரணத்தில் 30, 40க்கு விடுங்கள். பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் பக்கம் தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் காதுக்குக் கேட்காத ரயில் அதிர்வு தரை வழியாக மைக் ஸ்டாண்டில் ஏறும். ஸ்டாண்டின் காலுக்கு அடியில் மடித்த துணியை வையுங்கள், குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

கோரஸுக்கு இருபது பேர் வேண்டியதில்லை. நான்கு பேர், நான்கு டேக், ஒவ்வொரு டேக்குக்கும் நிற்கும் இடத்தை மாற்றினால் 16 குரல். ஒரு சூட்சுமம் மட்டும்: வல்லினத்தை ஒருவர்தான் அழுத்த வேண்டும், மற்றவர்கள் அதை லேசாக விழுங்க வேண்டும். பதினாறு பேரின் ‘ட்’ பதினாறு நேரத்தில் விழுந்தால் வறுகடலை கொட்டிய மாதிரி இருக்கும்.

மிக்ஸில் பெரிய ஏமாற்று அடிநாதம். பேஸ் 55 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, ஹெட்போனில் வயிறு குலுங்குகிறது. போன் ஸ்பீக்கரில் போட்டால் பேஸே இல்லை. அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் அந்த அதிர்வைத் தள்ள முடியாது. பேஸுக்கு சாச்சுரேஷன், அதாவது ஒலியை லேசாக முறுக்கும் விளைவு, கொஞ்சம் கொடுத்தால் 110, 165, 220 என்று அதன் மடங்குகள் எழும், மூளை கீழே இருப்பதைத் தானே நிரப்பிக்கொள்ளும். அடுத்து மோனோ, அதாவது இடமும் வலமும் ஒன்றாகக் கலந்து ஒலிப்பது. ஆடிக் கூழ் ஊற்றும்போது தெருவில் கட்டும் ஸ்பீக்கர் பாக்ஸ்கள் பெரும்பாலும் மோனோவில்தான் பாடும். விரிக்கும் ப்ளக்-இன் போட்டு அகலமாக்கிய கைதட்டலும் கோரஸும் மோனோவில் ஒன்றையொன்று தின்றுவிட்டுக் காணாமல் போகும். மிக்ஸ் முடிவதற்குள் மூன்று இடத்தில் போட்டுப் பாருங்கள்: போன், ஷேர் ஆட்டோ, பாக்ஸ். ஒலியளவில் போட்டி போட வேண்டாம். மைனஸ் 7 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் ஒலியளவின் அலகு) வரை நசுக்கி அனுப்பினால், ஸ்பாட்டிஃபை அதை மைனஸ் 14க்கு இறக்கிவிடும். உரத்த பாட்டு கிடைக்காது, பறையின் முதல் அடி நசுங்கியதுதான் மிச்சம். மைனஸ் 9, 10 போதும்.

ஆட்டத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. ஹூக்குக்கான அசைவு 32 எண்ணிக்கை, அதாவது எட்டு எட்டாக நான்கு. நான்கையும் வேறுவேறாக வைத்தால் யாரும் கற்க மாட்டார்கள். முதல், மூன்றாம் எட்டு ஒன்றே, நான்காவதில் ஒரு திருப்பம். ஸ்லோ மோஷன் வேண்டி விநாடிக்கு 48 பிரேமில் எடுத்து 24இல் ஓட்டுவதென்றால், படப்பிடிப்பில் பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும். இல்லாவிட்டால் உதடு ஒட்டாது.

வெளியீட்டுக்கு முன் ஒப்பந்தத் தாள். வடசென்னைக் கலைஞர்கள் அதிகம் இழந்தது இங்கேதான். 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகு, வரி எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டி உரிமையை எழுதிக் கொடுத்தாலும் அது போகாது. வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே அதை மாற்ற முடியும். ஐபிஆர்எஸ் 1969 முதல் இருக்கிற அப்படிப்பட்ட சங்கம், உறுப்பினராகச் சேர வேண்டும். உரிமை மாற்றம் கையெழுத்திட்ட எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். ஆகவே ‘நிரந்தரமாக, உலகம் முழுதும்’ என்ற மூன்று சொல் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பாட்டு ஓடுவதற்கு முன்பே எழுதுங்கள், ஓடிய பிறகு சதவீதம் 100ஐத் தாண்டும்.

இலவச லூப்பை அப்படியே ஹூக்காக வைக்காதீர்கள். அதே லூப்பை இன்னொருவர் யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற உரிமை அடையாள ஏற்பாட்டில் பதிந்திருந்தால், உங்கள் பாட்டின் வருமானம் அவருக்குப் போய் நிற்கும். ஒவ்வொரு பதிவுக்கும் அதன் அடையாளமாக 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண் உண்டு. ரீமிக்ஸுக்கு வேறு எண், வீடியோவுக்கு வேறு. விநியோகிப்பவரை மாற்றினாலும் பழைய எண்ணையே கொடுங்கள், கேட்ட கணக்கு கைவிட்டுப் போகாது. ஸ்பாட்டிஃபைப் பட்டியல்களுக்கு முன்வைக்க வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னால் பாட்டு ஏறியிருக்க வேண்டும், மூன்று வாரம் என்றால் நிம்மதி. நம்மூருக்கு நாள் பார்ப்பதென்றால் ஆடிக்கு ஒரு மாதம் முன்னால். கோயில் பாக்ஸில் ஒலிக்கும்போது பிள்ளைகளுக்கு அசைவு கைவந்திருக்கும்.

கடைசியாக ஒரு சின்னக் கட்டம். விநியோகப் படிவத்தில் ரீல்ஸ் துண்டு எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்கும். பலர் அதைக் காலியாக விட்டுவிட, பாட்டின் தலையிலிருந்தே துண்டு தொடங்கி ஹூக் பாதியில் அறுபடும். நான் சொன்ன அமைப்பில் ஹூக் தொடங்குவது 7.5 விநாடியில். அந்தக் கட்டமோ பெரும்பாலும் நிமிடமும் முழு விநாடியும்தான் வாங்கும். 8 என்று போட்டால் முதல் சொல் போய்விடும். 7 என்று போட்டால் முன்னால் அரை விநாடி மிஞ்சும். நம் வேகத்தில் ஒரு தட்டு 469 மில்லிவிநாடி, கிட்டத்தட்ட அதே அரை விநாடி. எனவே ஹூக்குக்கு முந்தைய அந்த ஒரு தட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு விசில் வையுங்கள். நன்றி, வணக்கம்.