முல்லைக்குக் காது கேட்காது, வீடு வேண்டும்

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னால், தூண் ஓரமாக வெள்ளையாக ஒரு பெண் நாய் படுத்திருக்கிறாள் பாருங்கள். பெயர் முல்லை. நான் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் அவளுக்கு ஒன்றும் இல்லை, பிறவியிலேயே காது கேட்காது. ஆனால் நான் சட்டென்று எழுந்தால் போதும், கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அதனால் இந்த வீடியோ முழுக்க இப்படியே தரையில் உட்கார்ந்துதான் பேசப்போகிறேன்.

மதுரையில் நான் உதவிக்குப் போகும் ஒரு காப்பகத்திலிருந்து வந்தவள் இவள். நிரந்தரமாக இல்லை, நல்ல வீடு அமையும்வரை என்னோடு இருக்கிறாள். நான் வாடகைக்கு இருப்பது மெயின் ரோட்டை ஒட்டிய வீடு, காம்பவுண்ட் சுவரே கிடையாது. வண்டி வருவது கேட்காத நாய்க்கு இது சரியான இடம் இல்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இவள் கிடைத்தது நான்குவழிச் சாலை ஓரத்தில். கழுத்தில் பெல்ட் போட்டிருந்த தடம் அப்படியே இருந்தது. அப்படியென்றால் யாரோ வளர்த்த நாய்தான். உடம்பு வாகைப் பார்த்தால் ராஜபாளையம் இனம், இல்லாவிட்டால் அதில் பாதியாவது இருக்கும். பால் வெள்ளை, ரோஸ் நிற மூக்கு, நீளக் கால். ஏன் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கஷ்டம் இல்லை. காவலுக்கு என்று வாங்கியிருப்பார்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை, கேட் சத்தத்துக்கு எழவில்லை, அவ்வளவுதான் காரணம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் முல்லையோடு இது முடியவில்லை. விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் ஊரின் பெயரில் இருக்கும் நாய் இது. வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன இனம். 2005இல் நாட்டு நாய்களுக்காக வந்த தபால் தலைகளில் இதற்கும் ஒன்று உண்டு. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் வாங்க வருகிறவர்கள் ஒரு பொட்டுக்கூட இல்லாத வெள்ளை வேண்டும், மூக்கு ரோஸாக இருக்க வேண்டும் என்றே கேட்கிறார்கள். அந்த வெள்ளைக்கும் காதுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

உள்காதுக்குள்ளும் நிறமிச் செல்கள் இருக்கின்றன. சத்தத்தை வாங்கும் நுண்ணிய முடிச்செல்கள் உயிரோடு இருக்க அவை வேண்டும். தோலுக்கு நிறம் வராமல் செய்யும் அதே மரபணு சில குட்டிகளுக்குக் காதுக்குள்ளும் அந்தச் செல்களைப் போய்ச் சேரவிடுவதில்லை. நாய்க்குட்டிக்குப் பிறந்து இரண்டு வாரத்தில்தான் காது திறக்கும். இந்தக் குட்டிகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்குள் உள்காதின் ரத்த ஓட்டம் குன்றி, முடிச்செல்கள் செத்துப்போகின்றன. அதற்கு மருந்து கிடையாது. வெள்ளை உடம்பில் புள்ளி போட்ட டால்மேஷன் நாயிலும் இதே கதைதான்: அமெரிக்காவில் பரிசோதித்ததில் ஏறக்குறைய 30 சதவீத நாய்களுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. ராஜபாளையத்திலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் காது கேட்காத நாயையே மறுபடி இனச்சேர்க்கைக்கு விடுகிறார்கள். இது எனக்கு ஆத்திரம் வரும் இடம். முல்லைக்குக் காப்பகத்திலேயே கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை.

இன்னொன்று. வளர்த்த பிராணியைப் பசி தாகத்தில் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு பாக்கெட் பிஸ்கட் விலை.

சரி, முல்லைக்கு வருவோம். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் காதைப் பற்றியே கேட்கிறார்கள். நான் சொல்வது, காது பெரிய விஷயமே இல்லை, பயம்தான் பெரிய விஷயம். நாய் உலகத்தை முதலில் மோப்பத்தில்தான் அறிகிறது, கண் அப்புறம். கேட்டுப் பழகியே இராத முல்லைக்கு எதையும் இழந்த எண்ணம் இருக்க வழியில்லை. ஆனால் யாரோ இவளைப் பின்னாலிருந்து பிடித்திருக்கிறார்கள், அடித்திருக்கவும் கூடும். பின்பக்கம் நிழல் ஆடினாலே உடம்பு தரையோடு ஒட்டிவிடும். வால் வயிற்றுக்குள் போய்விடும். உதட்டை நக்குவாள், கொட்டாவி விடுவாள். தூக்கத்தில் வரும் கொட்டாவி இல்லை அது, "என்னை விட்டுவிடு" என்று கேட்கும் கொட்டாவி. அதைப் பார்த்ததும் நாம் ஒரு அடி தள்ளிப்போக வேண்டும். தள்ளிப்போனோம் என்பதை அவள் பார்க்க வேண்டும், முக்கியமே அதுதான்.

இப்போது பாருங்கள், என் பக்கவாட்டுதான் அவளுக்குத் தெரிகிறது. கண்ணைப் பார்க்கவில்லை. கையை நீட்டவும் இல்லை. இந்தத் தட்டில் வேகவைத்த கோழி ஈரல் இருக்கிறது, உப்பில்லாமல், சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கியது. ஒன்றை அவளுக்கும் எனக்கும் நடுவில் போடுகிறேன். பேசாமல் இருப்போம்... மூக்கு ஆடுகிறது பார்த்தீர்களா? முன்கால் வருகிறது, பின்கால் இன்னும் தூணை விடவில்லை. தப்பி ஓட வசதியாக உடம்பைப் பாதி அங்கேயே வைத்திருக்கிறாள். எடுத்துவிட்டாள்! இப்போது நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறேன். இதுதான் எங்களுக்குள் "சபாஷ்". கட்டைவிரல் எழுந்ததும் அடுத்த துண்டு விழும். அவள் அதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டாள்.

சைகை எதுவாக இருந்தாலும் சரி, வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். உள்ளங்கையைக் கீழே இறக்கினால் உட்கார். இரண்டு விரலால் தொடையைத் தட்டினால் வா. அப்பா ஒன்று, அம்மா ஒன்று, பிள்ளைகள் ஒன்று என்று காட்டினால் அவள் குழம்பிப்போவாள்.

கூப்பிடுவது எப்படி? தரையைத் தட்டினால் அதிர்வு போகும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். அங்கே பலகைத் தரை. நம் ஊர் டைல்ஸிலும் சிமெண்டிலும் அது அவ்வளவாக எடுபடாது. நான் லைட் சுவிட்சைப் போட்டு அணைக்கிறேன். ட்யூப் லைட் சில சமயம் முனகி முனகி எரியும், எல்இடி பல்புதான் வசதி. ராத்திரி மொட்டை மாடியில் டார்ச்சைத் தரையில் காட்டி அணைத்தால் திரும்பிப் பார்ப்பாள். முகத்துக்கு நேரே மட்டும் அடிக்கக் கூடாது.

தூங்கும்போது தொட்டு எழுப்பவே கூடாது. உள்ளங்கையை மூக்குக்கு எதிரே கொஞ்ச நேரம் வைத்தால் வாசனையிலேயே கண் திறப்பாள். அப்புறம் தோள்பட்டையில் லேசாகத் தொட்டு ஒரு துண்டு ஈரல். எப்போதும் அதே இடத்தில் தொட வேண்டும். செவிட்டு நாய் கடிக்கும் என்று ஒரு பேச்சு ஊருக்குள் இருக்கிறது. திடுக்கிட்டு எழுந்தால் காது கேட்கும் நாயும்தான் வாயைத் திருப்பும். அது கோபம் இல்லை, அதிர்ச்சி. இப்படித் தினமும் எழுப்பினால் அந்த அதிர்ச்சி குறைந்துகொண்டே வரும்.

குரைக்குமா என்று கேட்கிறார்கள். குரைப்பாள், நன்றாகவே குரைப்பாள். தன் குரலே கேட்காததால் எப்போது நிறுத்துவது என்றுதான் தெரியாது. தீபாவளிக்கு வெடிச்சத்தம் இவளை ஒன்றும் செய்யாது, ஆனால் பக்கத்தில் பெரிய வெடி போட்டால் அதிர்வும் வெளிச்சமும் படும். அந்த நேரத்தில் ஜன்னலை மூடிவிட வேண்டும். வெள்ளைத் தோலுக்கும் ரோஸ் மூக்குக்கும் வெயில் ஆகாது, சீக்கிரம் வெந்துவிடும். அதனால் நடைக்குப் போவது விடிந்ததும் ஒரு முறை, பொழுது சாய்ந்த பிறகு ஒரு முறை.

யார் வீட்டுக்கு இவள் சரிப்படுவாள் என்று சொல்லிவிடுகிறேன். ஆள் உயரத்துக்குக் காம்பவுண்ட் சுவரும், தானாக மூடிக்கொள்ளும் கேட்டும் வேண்டும். ராஜபாளையம் தாண்டுவதில் கெட்டிக்கார இனம், தாண்டிவிட்டால் கூப்பிட்டுத் திருப்ப முடியாது. வெளியே எப்போதும் கயிற்றில்தான், கழுத்துப் பெல்ட் மட்டும் போதாது, மார்போடு மாட்டும் ஹார்னஸும் வேண்டும். பயந்து பின்னால் இழுத்தால் பெல்ட் தலைவழியே கழன்றுவிடும். பட்டையில் "காது கேட்காது" என்ற வரியும் உங்கள் போன் நம்பரும் இருக்கட்டும். அமைதியான இன்னொரு நாய் வீட்டில் இருந்தால் நான் சந்தோஷப்படுவேன், அது எழுந்தால் இவளும் எழுவாள், அது ஓடினால் இவளுக்கும் விஷயம் தெரியும். ஓடியாடிக் கத்தும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு இப்போதைக்கு வேண்டாம். சத்தத்துக்காகச் சொல்லவில்லை, ஓட்டத்துக்காகச் சொல்கிறேன்.

ரேபிஸ் ஊசியும் மற்ற தடுப்பூசியும் போட்டாகிவிட்டது, அட்டை காப்பகத்தில் இருக்கிறது. ரேபிஸ் ஊசியை வருஷா வருஷம் நீங்கள் தொடர வேண்டும். வந்து பார்த்த அன்றே கூட்டிக்கொண்டு போக முடியாது. சில தடவை வந்து, இப்படித் தரையில் உட்கார்ந்து, ஈரல் போட்டு, அவள் உங்கள் பக்கம் வந்த பிறகுதான் கையெழுத்து. நாங்களும் உங்கள் வீட்டுக்கு வந்து சுவரையும் கேட்டையும் பார்ப்போம். வரும்போது வீட்டில் இருக்கிற எல்லோரையும் அழைத்து வாருங்கள், குறிப்பாக நாய் வேண்டாம் என்று சொல்கிறவரை. அவரிடம்தான் நான் முதலில் பேச வேண்டும்.