பதவியை மறுத்தவருக்கு ஒரு நகரம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் ராமராயநிங்காரின் பெயரை நிலைக்கச் செய்தது அவர் வகித்த பதவியா, கொண்டுவந்த சட்டமா என்பது வழக்கு. சட்டமே என்று வழக்காட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சற்று முன் ஒரு கேள்வி வீசினார். "அறநிலையச் சட்டத்தை இந்த அவையில் எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? ஆனால் பனகல் பார்க்கை அறியாதவர் யார்? பதவி இல்லையென்றால் அந்தப் பூங்கா ஏது?" நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெறாமல் நான் இறங்குவதாக இல்லை.

பூங்காவுக்கே போவோம். அது இருப்பது தியாகராய நகரில். 1920 தேர்தலுக்குப் பின் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சராகும் வாய்ப்பு நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் வாசல் தேடி வந்தது. அவர் வேண்டாம் என்றார். மறுபடியும் சொல்கிறேன்: வாசலுக்கு வந்த நாற்காலியை, ஒரு மாகாணத்தின் முதல் நாற்காலியை, வேண்டாம் என்றார்! அதில் அமர்ந்தவர் கடலூர் சுப்பராயலு ரெட்டியார். உடல்நலம் குன்றி அவர் விலகியதால் 1921 ஜூலையில் பனகல் அரசர் வந்தார். இப்போது நான் கேட்கிறேன், நடுவர் அவர்களே: முதன்முதலில் அமர்ந்த சுப்பராயலு ரெட்டியாரின் பெயரை இன்றைக்கு முன் இங்கே எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? பதவியை ஏற்ற பனகலாருக்கு ஒரு பூங்கா. அதை மறுத்த தியாகராயருக்கோ அந்தப் பூங்காவைச் சுற்றியுள்ள நகரம் முழுவதும்!

சட்டத்துக்கு வருகிறேன். கோயில் சொத்தையும் வருமானத்தையும் அரசு கண்காணிக்க வழிசெய்யும் இந்து சமய அறநிலைய மசோதா 1922இல் வந்தபோது, மதத்தில் அரசு கைவைக்கிறது என்று எதிர்ப்பு எழுந்தது. 1923இல் அமைச்சரவை மீதே நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து, 65க்கு 44 என்ற வாக்குகளில் தோற்றது. 1925இல் மசோதா சட்டமானது; அதன் செல்லுபடியும் கேள்விக்குள்ளானது. 1926 டிசம்பரில் பதவி போயிற்று. சட்டமோ 1927இல் புதிதாக மீண்டும் இயற்றப்பட்டது. 1928இல் அவரும் மறைந்தார். அவர் நாற்காலியில் இல்லாதபோதும் அவருடைய சட்டம் இருந்தது.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் விளக்குக்கென்று எழுதிவைத்த நிலம் இருந்தது, விளைச்சலும் இருந்தது; விளக்கு மட்டும் எரியவில்லை. என் பாட்டி தன் வீட்டுச் சமையலுக்கு வைத்திருந்த எண்ணெயில் பாதியை ஒரு சீசாவில் ஊற்றி, முந்தானையில் மறைத்து எடுத்துப்போய் அந்தச் சன்னதியில் விளக்கேற்றுவார். கோயில் கணக்கைக் கேட்க ஓர் அதிகாரி வந்த பிறகுதான் அந்த நிலத்தின் வருமானம் விளக்குக்குப் போனது. பாட்டிக்குப் பனகல் அரசர் யாரென்று தெரியாது. ஆனால் சீசாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு கோயிலுக்குப் போய், தானே எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்து அழுத அந்த முதல் மாலையை, அவர் கண்மூடும்வரை எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.