எண்ணாமல் விட்ட நடை

(யாங்கோனில் தமிழர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஹியூ டிங்கர் என்று ஒரு வெள்ளைக்காரர். யுத்த காலத்தில் இந்தியப் படையில் இருந்தவர். 1954-55இல் நம் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அப்புறம் லண்டன் போய், இன உறவுகளை ஆராயும் ஒரு நிறுவனத்துக்கு 1970இல் இயக்குநரானார். உள்ளே பெரிய சண்டை, 1972இல் விலகிவிட்டார். அந்தக் கதை இன்றைக்கு வேண்டாம்.

1974இல் அவர் எழுதிய நூலுக்கு 'ஒரு புதிய அடிமை முறை' என்று பெயர். சொல் அவருடையதல்ல. 1840இல் பிரிட்டிஷ் காலனி மந்திரி ஜான் ரஸ்ஸலே, தென் அமெரிக்காவிலுள்ள கயானாவுக்கு இந்தியக் கூலிகளை அனுப்பினால் அப்படி ஒரு முறை வந்துவிடுமோ என்று தயங்கி எழுதியது. தயங்கினாரே தவிர, சில வருடம் நின்ற கப்பல்கள் மறுபடியும் கிளம்பின. கப்பலில் ஆளுக்கு எவ்வளவு அரிசி, எத்தனை வைத்தியர் என்று சட்டம் போட்டார்கள். அந்த இரக்கமெல்லாம் காகிதமாயிற்று. அந்தக் காகிதத்தை வைத்தே அவர்களைக் கேள்வி கேட்டவர் டிங்கர்.

சரி, நம் காகிதம் எங்கே? மொரீஷியஸுக்கோ தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கோ போனவன் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தான்; அவன் பெயர், ஊர், அப்பன் பெயர் எல்லாம் பதிவேட்டில் ஏறியது. பர்மாவோ 1937 வரை இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூனுக்குக் கப்பலேறியவன் வெளிநாட்டுக்குப் போனவனாகவே கணக்கில்லை. கூலிக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி முன்பணம் கொடுத்தார், கூட்டி வந்தார், கடன் மேஸ்திரியின் கணக்கில் நின்றது. 1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்தான். அங்கே தலை எண்ணினார்கள். தனித்தனியாக யார் என்று யாரும் கேட்கவில்லை.

1941 டிசம்பர் 23, ரங்கூன் மேல் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. அதன்பின் நம்மவர்கள் இந்தியாவுக்கு நடந்த நடையை உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். பிரோம் வழியாகத் தாங்கூப் கணவாய், வடக்கே தாமு, இம்பால், ஹூகாங் பள்ளத்தாக்கு. வெள்ளையருக்கு ஒரு பாதை, நமக்கு ஒரு பாதை என்ற குற்றச்சாட்டு அப்போதே இந்தியாவில் எழுந்தது. போனவர்கள் ஐந்து லட்சம் போல. செத்தவர்கள் 10,000 என்றும் சொல்கிறார்கள், 50,000 என்றும் சொல்கிறார்கள். இடையில் நாற்பதாயிரம் பேர்! கண்ணம்மாவா, காதர் பாயா, ஒன்றும் தெரியாது.

1975இல் டிங்கர் இதைப் பற்றியும் எழுதினார். மறக்கப்பட்ட நெடும்பயணம் என்றே தலைப்பு. நான் அவரைப் பெரிதும் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு குறை: அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அதிகாரிகள் எழுதிய தாள்கள். முகாமில் கஞ்சி ஊற்றியவர் எழுதி வைத்தார். கஞ்சிக்கு வரிசையில் நின்றவள் எழுதவில்லை.

என் அப்பத்தா அப்படி நின்றவள். யுத்தம் முடிந்து திரும்பி வந்தாள். எவ்வளவு தூரம் நடந்தீங்க என்று சின்ன வயதில் கேட்டேன். மைல் தெரியாது அவளுக்கு. "ரெண்டு சேலை கிழியுற தூரம்டா" என்றாள். இன்னொன்று கையில் இருந்ததாம். அதை வழியில் அரிசிக்குக் கொடுத்துவிட்டாளாம்.