கைக்குத் தெரிந்ததை யார் சோதிப்பது?

அவையோருக்கு வணக்கம். தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்களும் கட்டடத் தொழிலாளர்களும் ஒரே பந்தலில் அமர்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வேலையிலும் வீட்டிலும் ஊரிலும் ஒருவர் கற்றதைச் சோதித்து, வகுப்பில் படித்தவருக்கு உள்ள மதிப்பை அவருக்கும் தருவது என்பதுதான் இதன் பொருள். மேடையில் ஏறி இதை எதிர்த்துப் பேச யாரும் இல்லை. யார் சோதிப்பது, சோதித்த பிறகு என்ன மாறும் என்று கேட்டால்தான் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

முதலில் ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெரிய தொல்லை. செல்லப்பிராணியாக இறக்குமதியானவை எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகி, அங்கிருந்த சிறு விலங்குகளை அழித்துக்கொண்டிருக்கின்றன. மோப்ப நாய்களை விட்டுப் பார்த்தார்கள். ரேடியோக் கருவி பொருத்திய பாம்பை விட்டு அதன் பின்னால் போனார்கள். 2016இல் ஒரு வேட்டைப் போட்டியே நடத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு மாதம் தேடியதில் 106 பாம்புகள் சிக்கின. அடுத்த ஆண்டு ஜனவரியில் நம் ஊர் இருளர்கள் இருவர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், அங்கே போய் இறங்கினார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள். அவற்றில் கீ லார்கோ தீவில் பிடிபட்ட பெண் பாம்பின் நீளம் 16 அடி.

என்ன செய்தார்கள் தெரியுமா? உள்ளூர் வேட்டைக்காரர்கள் சாலையையும் கரையையும் ஒட்டியே தேடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் நேரே அடர்ந்த புதருக்குள் நுழைந்தார்கள். உரித்துப் போட்ட சட்டை, எச்சம், மண்ணில் பதிந்த தடம் ஆகியவற்றைப் பார்த்துப் பாம்பு எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் போனது என்று முடிவு செய்தார்கள். அந்த நாட்டுப் பாம்பை அவர்கள் அதற்கு முன் தேடியதே இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். பாம்பு புதிது, மண் புதிது, மொழி தெரியாது. தடம் பார்க்கும் அறிவு மட்டும் கூடவே போனது.

ஆனால் ஃபுளோரிடாக்காரர்களுக்கு இவர்களை எப்படித் தெரிந்தது? பல்லாண்டுகள் இருளர்களோடு சேர்ந்து வேலை செய்த பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் அவர்களுக்காகப் பேசினார். அவருக்குப் பாம்பும் தெரியும், இவர்களையும் தெரியும். அதனால்தான் அவர் சொல் எடுபட்டது. பாம்பைப் படத்தில் மட்டும் பார்த்த அதிகாரி ஒருவர் நேர்காணல் நடத்தியிருந்தால் இருவரும் விமானம் ஏறியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

முன்பெல்லாம் இந்த அறிவுக்குப் பாம்புத் தோல் வியாபாரிதான் விலை வைத்தான். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பிறகு தோல் ஏற்றுமதியும் நின்றது. இருளர்களின் பிழைப்புப் போனது. 1978இல் வடநெம்மேலியில் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய பிறகு, அதே கைகள் விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுக்க ஆரம்பித்தன. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, மண்பானையில் வைத்து வாயைத் துணியால் கட்டி, சில வாரங்கள் நஞ்சு எடுத்த பின் காட்டில் விட்டுவிடுவார்கள். விடும்போது வயிற்றுச் செதிலில் சிறிதாக வெட்டி அடையாளம் வைப்பார்கள். அதே பாம்பு மறுபடி சிக்கினால் தெரிந்துவிடும். மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது 2023இல். அதாவது சங்கம் தொடங்கி 45 ஆண்டுகள் கழித்து. ஃபுளோரிடா போகாமல் இருந்திருந்தால் எத்தனை ஆண்டாகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நம் கட்டட வேலைக்கு வருகிறேன். இருபது ஆண்டுகள் கலவை போட்ட சித்தாளுக்குச் சுவர் கட்ட சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஆறு, பூச்சுக்கு ஒன்றுக்கு நான்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மணலைக் கையில் அள்ளிப் பார்த்தே ஈரம் கூடுதலா, தண்ணீரைக் குறைக்க வேண்டுமா என்று சொல்லிவிடுவார். கொத்தனாராக வந்த பையன் நான்கைந்து ஆண்டில் மேஸ்திரி ஆகிறான். அந்த அம்மா சித்தாளாகவே வேலையை முடித்துக்கொள்கிறார். அவர் கையில் கொத்துக்கரண்டியைக் கொடுக்கவே மாட்டோம், பிறகு கரண்டி பிடிக்கத் தெரியாது என்போம்! நேர்மையாக அவரைச் சோதித்தால் இரண்டு விஷயம் தெரியவரும்: அவருக்குத் தெரிந்தது ஏராளம், பழகக் கிடைக்காதது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குச் சில வாரப் பயிற்சி போதும். முழுப் படிப்பையும் அவர் தலையில் கட்ட வேண்டியதில்லை.

அரசிடம் திட்டம் இல்லாமல் இல்லை. 2013இல் திறன்களைப் படிநிலைகளாக வகுக்கும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்தது. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் முன்கற்றல் சான்றிதழுக்குத் தனிப் பிரிவே வைத்தார்கள். 12 மணி நேர அறிமுக வகுப்பு, ஒரு மதிப்பீடு, தேறியவருக்கு 500 ரூபாய், ஒரு சான்றிதழ் என்று இருந்தது. சான்றிதழை வாங்கிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனால், மேஸ்திரி கொடுப்பது அதே கூலி. கூலியை மாற்றாத காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம், வேறென்ன செய்வது?

மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இதைவிடப் பரவாயில்லை என்பேன். 21 வயது, ஒயரிங் வேலையில் ஐந்தாண்டுச் செய்முறை அனுபவம், உச்ச வயது வரம்பு கிடையாது. தேறினால் தொழிலில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த ஐந்தாண்டை யார் எழுதிக் கொடுப்பது? ஆறு பேரிடம் மாறி மாறி வேலை பார்த்தவனுக்குக் கையெழுத்துப் போட ஒருவரும் கிடைக்க மாட்டார்.

பிரான்ஸில் 2002 முதல் அனுபவத்தைக் கொண்டே பட்டம் பெற முடியும். செய்த வேலையை விளக்கிக் கோப்பு எழுதிக் கொடுத்து, நடுவர் குழு முன் பேச வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எழுத வராதவர் அங்கேயும் வாசலில்தான் நிற்பார். நம் ஊரில் வேறு கதை. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெற்றவர்களுக்கு, அந்தப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009இல் அரசாணை வந்தது. கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வந்தவர்களிடம் நீங்கள் வந்த வழி சரியில்லை என்று சொல்வது என்ன நியாயமோ தெரியவில்லை.

அதனால் இங்கே இருக்கும் ஆசிரியர்களிடம் கேட்பது இவ்வளவுதான். மதிப்பீட்டுக் குழுவில் உங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலியை அனுபவமுள்ள கொத்தனாருக்குப் போடுங்கள். கேள்வித்தாளை ஓரம் வைத்துவிட்டு, மூலைச்சுவர் மூன்று வரி எழுப்பச் சொல்லி, தூக்குக்குண்டு போட்டுப் பாருங்கள். கட்டடத் தொழிலாளர் சங்கத்தாரிடம் கேட்பது: அடுத்த முறை கூலி பேசும்போது, சான்றிதழ் உள்ளவருக்கு எவ்வளவு என்று தனியாக ஒரு வரி சேர்த்துப் பேசுங்கள். வேலை செய்த ஒவ்வோர் இடத்திலும் தேதி போட்டுக் கையெழுத்து வாங்க ஒரு சிறிய நோட்டை உறுப்பினர் அட்டையோடு கொடுங்கள்.

நான் பேச வேண்டியது முடிந்தது. கேள்வி நேரம் என்கிறார்கள். பந்தலின் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்களிடமிருந்து தொடங்கலாம். அங்கே ஓர் அம்மா நெடுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.