ஷீல்டு கேபிள் போட்டும் நாய்ஸ் ஏன் போகவில்லை?

(திரையில்: டிரைவ் பேனலின் உள்பக்கம். மோட்டார் கேபிளின் வயர்களைச் சுற்றியிருக்கும் கம்பிவலை (ஷீல்டு) முறுக்கப்பட்டு, ஒரு வயர் வழியாக எர்த் பாருக்குப் போகிறது.)

மோட்டார் நிற்கும்போது பிரஷர் ரீடிங் ஆடாமல் அசையாமல் இருக்கிறது. மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவை ஓட விட்டதும் தாண்டவமாடுகிறது. இதுதான் நாய்ஸ். ஷீல்டு கேபிள்தானே போட்டிருக்கிறோம் என்பார்கள். போட்டிருக்கிறோம், சரி. அதன் முனையை எப்படிக் கட்டியிருக்கிறோம்?

415 வோல்ட் சப்ளையில் ஓடும் டிரைவுக்குள், ஏ.சி.யை டி.சி.யாக மாற்றி வைக்கும் டி.சி. பஸ் சுமார் 587 வோல்ட். ஐ.ஜி.பி.டி. என்ற மின்னணு சுவிட்ச் அதை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டிலும் வோல்டேஜ் ஏறி முடிக்க 100 நானோ விநாடி அளவுதான் பிடிக்கும். உள்வயருக்கும் ஷீல்டுக்கும் இடையில் மீட்டருக்கு 200 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம்) என்று வைத்துக்கொண்டால், அந்த நொடித்துணுக்கில் மீட்டருக்கு 1 ஆம்பியருக்கு மேல் ஷீல்டுக்குள் பாயும். மோட்டார் வைண்டிங்கிலிருந்து பாடிக்குக் கசிவது தனிக் கணக்கு.

இந்த கரண்ட் பிறந்த இடமான டிரைவுக்கே திரும்பியாக வேண்டும். அதற்கு நல்ல வழி கொடுப்பதுதான் ஷீல்டின் வேலை. வழி சரியில்லை என்றால் கேபிள் ட்ரே, பக்கத்து சென்சார் வயர் என்று கிடைத்த பாதையில் புகுந்து போகும்.

(திரையில்: அந்த முறுக்கிய வால், நெருக்கத்தில். பக்கத்தில் ஸ்கேல்.)

இதுதான் பிக்டெயில். நீளம் 10 செ.மீ. மல்டிமீட்டர் வைத்தால் பீப் அடிக்கும், பூஜ்ஜியம் ஓம் காட்டும். ஆனால் அது பார்ப்பது டி.சி.யை மட்டும். இந்த வாலின் இண்டக்டன்ஸ் (கரண்ட் வேகமாக மாறுவதைத் தடுக்கும் குணம்) ஏறக்குறைய 100 நானோஹென்றி. 50 ஹெர்ட்ஸில் அதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். ஆனால் அந்த வேகமான வெட்டுகளில் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் அதிர்வெண்கள் இருக்கும். 10 மெகாஹெர்ட்ஸில் இந்த வால் 6 ஓம் ஆகிவிடும். எர்த் பிட் புதிதாகத் தோண்டினாலும் இது தீராது. அங்கே போகும் வயர் இதைவிட நீளம்.

(திரையில்: கேபிள் மேலுறையை உரிக்கும் கை.)

டிரைவின் சப்ளையை ஆஃப் செய்து, கெப்பாசிட்டர் இறங்க லேபிளில் போட்டிருக்கும் நேரம் காத்திருங்கள். மேலுறையை மட்டும் 3 செ.மீ. உரித்து, வலையை வெட்டாமல் சுற்றிலும் அழுத்திப் பிடிக்கும் உலோக கிளாம்பால் தகட்டோடு இறுக்குங்கள். தகட்டில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள். பெயின்ட் மேல் போட்ட கிளாம்ப் கேபிளைத் தாங்கும், அவ்வளவுதான். மோட்டார் பக்கமும் இதேபோல வலையைச் சுற்றிலும் பிடிக்கும் உலோக ஈ.எம்.சி. கிளாண்ட் (கேபிள் நுழையும் இடத்துப் பிடிப்பான்). நடுவில் பிளாஸ்டிக் பெட்டியில் ஐசொலேட்டர் சுவிட்ச் இருந்தால் ஷீல்டு அங்கேயே அறுந்துவிடும். பலரும் தேடாத இடம் அது.

"ஷீல்டை ஒரு பக்கம்தானே எர்த் செய்யணும்?" அது சென்சார் ரீடிங்கைக் கொண்டுபோகும் 4–20 மில்லி ஆம்பியர் சிக்னல் கேபிள்களுக்கு, இரண்டு எர்த் வழியாக 50 ஹெர்ட்ஸ் கரண்ட் சுற்றாமலிருக்கச் சொல்லும் பழக்கம். மோட்டார் கேபிளுக்கு இரண்டு முனையும் வேண்டும். இரண்டு வகை கேபிளையும் ஒரே ட்ரேயில் ஒட்டிப் போடாதீர்கள், 30 செ.மீ. இடைவெளி விடுங்கள். குறுக்கே கடந்தாக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

அப்புறமும் நாய்ஸ் மிச்சமிருந்தால் டிரைவ் அவுட்புட்டில் ஃபெரைட் கோர் என்ற காந்தப் பொருள் வளையம். மூன்று ஃபேஸ் வயர்களையும் சேர்த்து அதற்குள் விடுங்கள். ஷீல்டும் எர்த்தும் வெளியே. அவற்றையும் உள்ளே விட்டால், போகிற கரண்டும் அவற்றில் திரும்புகிற கரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துவிடும். கோர் சும்மா தொங்கும்.